இருசக்கர வண்டிப் பேச்சில் கேலியும் தகுதியும்: புதுக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் தம் வண்டியைப் புகழ்வதும் பிறர் வண்டியைக் கேலி செய்வதும் தமிழகத்தின் தேநீர்க் கடைகளிலும் பழுதுபார்க்கும் பட்டறைகளிலும் அன்றாடம் கேட்கப்படும் பேச்சு. இது பொழுதுபோக்குப் பேச்சாகத் தோன்றினாலும் ‘யாருக்கு எந்த வண்டி பொருந்தும்’ என்னும் சமூகத் தகுதி பற்றிய தீர்ப்பையும் உட்கொண்டுள்ளது. கேலிக்கு மறுமொழி கூறும் உரிமை இரு தரப்புக்கும் இருக்கும்வரை அது விளையாட்டாக நிற்கிறது. அவ்வுரிமை ஒரு தரப்புக்கு மறுக்கப்படும்போது அது தடையாக மாறுகிறது. இக்கருத்தை வண்டிப் பேச்சின் சொல்வழக்கு, வண்டிகளின் பொறியமைப்பு, 1991–92இல் புதுக்கோட்டையில் நடந்த பெண்களின் மிதிவண்டி இயக்கம் ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்

கேலிப்பேச்சு, கேலி உறவு, வண்டி, புல்லட், மொபெட், மிதிவண்டி இயக்கம், அறிவொளி, புதுக்கோட்டை.

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியல் பழமொழி, விடுகதை, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றை விரிவாகத் தொகுத்துள்ளது. அன்றாடக் கேலிப்பேச்சு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அது நிலையான வடிவமற்றது என்பதும் சூழலை விட்டுப் பிரித்தால் சுவை இழக்கும் என்பதும் இதற்குக் காரணங்களாகலாம். எனினும் ஒரு பொருளை வாங்குதல், வைத்திருத்தல், விற்றல் ஆகியன குறித்து ஒரு சமூகம் என்ன கருதுகிறது என்பதை அறியக் கேலிப்பேச்சு சிறந்த சான்றாகும். புகழுரையில் மறைக்கப்படுவது கேலியில் வெளிப்பட்டுவிடுகிறது.

இக்கட்டுரை எண்ணிக்கை அடிப்படையிலான களஆய்வு அன்று. பொதுவழக்கில் உள்ள சொற்களையும் தொடர்களையும் எடுத்துக்கொண்டு அவற்றின் பின்புலத்தை விளக்குவதே இதன் நோக்கம். இடையில் தரப்படும் உரையாடல்கள் இவ்வகைப் பேச்சின் போக்கைக் காட்ட அமைக்கப்பட்ட மாதிரிகளே.

1. கேலி: இலக்கணமும் உறவும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் களங்கள் நான்கு எனக் கூறி, அவற்றுள் எள்ளலை முதலில் வைக்கிறது. பிறரை எள்ளுவதாலும் நகை பிறக்கும். பிறரால் எள்ளப்படுவதாலும் நகை பிறக்கும் என உரைவழி விளக்குவர். எள்ளலுக்கு இருபுறம் உண்டு என்னும் இக்கருத்து வண்டிப் பேச்சைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரையில் ‘கேலி உறவு’ என்னும் கருத்தாக்கத்தை விளக்கினார். குறிப்பிட்ட இருவரில் ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய வழக்கம் இடமளிக்கிறது; மற்றவர் அதற்குச் சினம் கொள்ளலாகாது என்பது அதன் சாரம். இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்யும் உறவு சமநிலையுடையது. ஒருவர் மட்டுமே கேலி செய்யும் உறவு சமநிலையற்றது என்றும் அவர் பிரித்துக் காட்டினார்.

தமிழ்ச் சமூகத்தில் மாமன், மச்சான், கொழுந்தி முதலிய மணவுறவு முறையினரிடையே கேலிக்கு இடமுண்டு. பங்காளி முறையினரிடையே அந்த அளவுக்கு இடமில்லை. இரத்த உறவோ மணவுறவோ இல்லாத நண்பர்கள்கூட வண்டியைப் பற்றிக் கேலி பேசத் தொடங்குமுன் ‘மாப்ள’, ‘மச்சான்’ என விளிப்பது கருதத்தக்கது. அவ்விளி ஒருவகை அனுமதிச் சீட்டு. ‘இனிச் சொல்லப்போவதற்குக் கோபம் கொள்ளாதே’ என்னும் ஒப்பந்தம் அதில் அடங்கியுள்ளது.

2. மாட்டிலிருந்து மோட்டாருக்கு: சொற்களின் பயணம்

‘வண்டி’ என்னும் சொல் முன்பு மாட்டுவண்டியைக் குறித்தது. இன்று அடைமொழியின்றி ‘வண்டி எங்கே?’ என்று கேட்டால் பெரும்பாலும் இருசக்கர மோட்டார் வண்டியே கருதப்படுகிறது. சொல் மட்டுமன்றி அதனைச் சூழ்ந்த வழக்குகளும் உடன் பயணித்துள்ளன. வண்டி ‘இழுக்கிறது’, ‘திணறுகிறது’, ‘முரண்டு பிடிக்கிறது’, பெட்ரோலைக் ‘குடிக்கிறது’, வழியில் ‘படுத்துவிடுகிறது’. இவை யாவும் உழவு மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் உரிய வினைகள். செலவு மிகுந்த வண்டியை வாங்கியவரிடம், ‘யானையைக் கட்டித் தீனி போடுற மாதிரி’ என்பர்.

வாங்கும் முறையிலும் இத்தொடர்ச்சி உள்ளது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்து வயதை அறிவர். சுழி பார்த்து நன்மை தீமை கணிப்பர். நடக்கவிட்டுக் கால் ஊனம் பார்ப்பர். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். பழைய மோட்டார் சைக்கிள் வாங்குபவர் டயர் தேய்மானத்தைப் பார்க்கிறார், புகையின் நிறத்தைப் பார்க்கிறார், ஓட்டிப் பார்க்கிறார், ‘ஒரே கை வண்டியா?’ என்று கேட்கிறார். சுழியின் இடத்தைப் பதிவெண் பெற்றுள்ளது. புதுக்கோட்டை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடான ‘டிஎன் 55’ஐத் தொடர்ந்து வரும் எண்களின் கூட்டுத்தொகை எட்டாக அமையக் கூடாது என்று கருதுவோர் உண்டு. விபத்தில் சிக்கிய வண்டியை ‘ராசியில்லாத வண்டி’ என ஒதுக்குவதும் மாட்டுக்குச் சுழி பார்த்த மனநிலையின் நீட்சியே.

மாட்டை வைத்திருப்பவரின் தகுதி மாட்டைக் கொண்டு மதிப்பிடப்பட்டது. அதுபோல வண்டியை வைத்து ஆளை மதிப்பிடும் வழக்கமும் சொற்களோடு சேர்ந்தே வந்துள்ளது. ஏறுதழுவலுக்குப் பெயர்பெற்ற இம்மாவட்டத்தில் வாடிவாசலில் வெல்வோருக்கு மோட்டார் சைக்கிள் பரிசளிக்கப்படுவதை இவ்விரு மதிப்புகளும் சந்திக்கும் இடமாகக் கொள்ளலாம்.

3. கேலியின் பொறியியல்

வண்டிக் கேலி வெறும் கற்பனையன்று. ஒவ்வொரு கேலிக்கும் அவ்வண்டியின் பொறியமைப்பில் ஒரு காரணம் உண்டு. தமிழகத்தில் மிகுதியாகப் பேசப்படும் நான்கு வகைகளை இங்கு நோக்கலாம்.

முதலாவது புல்லட். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் இவ்வண்டி உருவானது. பழைய 350 வகையில் 346 கனசென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரே உருளை. உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர், உந்துதண்டின் நகர்வு 90 மில்லிமீட்டர். நீண்ட நகர்வும் கனத்த சுழல்சக்கரமும் மெதுவான சுழற்சியும் சேர்ந்து அதற்கே உரிய இடைவிட்ட முழக்கத்தைத் தந்தன. பழைய வகையில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் அமைந்திருந்ததால் பிற வண்டிகளில் பழகியவர் அதனை எடுத்தவுடன் தடுமாறுவார். முறை தெரியாமல் உதைத்தால் உதைகோல் திருப்பி அடிக்கும். இவை அனைத்தும் கேலிக்குப் பொருளாயின.

“புல்லட்டு எங்க மாப்ள?”
“மெக்கானிக் கடையில நிக்குது.”
“அப்ப உன் வீட்டுக்கு எப்ப விருந்தாளியா வரும்?”
“உன் வண்டி வாசல் தாண்டுனாத்தான் தெரியும் மச்சான். நம்ம வண்டி விராலிமலையில கெளம்புனா இங்க கேக்கும்.”

இரண்டாவது 1985இல் இந்தியாவுக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100. இது இரண்டடிப்பு இயந்திரம், 98 கனசென்டிமீட்டர், ஏறத்தாழ 11 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 100 கிலோ. பழைய புல்லட் 350இன் ஆற்றல் ஏறத்தாழ 18 குதிரைத்திறன். எடை 160 கிலோவுக்கும் மேல். ஒரு கிலோ எடைக்குக் கிடைக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டடிப்பு இயந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் எரிநிகழ்வு கொள்வதால் உடனடி வேகம் கூடுதலாகத் தோன்றும். ஆகவே ‘நூறு சிசி வண்டி புல்லட்டைத் தாண்டும்’ என்னும் பெருமைப் பேச்சில் கணக்கு உண்டு. பெட்ரோலுடன் எண்ணெயும் எரிவதால் எழும் புகை எதிர்த்தரப்பின் கேலிக்கு இடமளித்தது. மைசூரில் 1961 முதல் உருவான ஜாவாவிலும் அதன் வழிவந்த எசுடியிலும் உதைகோலும் கியர்க்கோலும் ஒன்றே. புதிதாக ஓட்ட வந்தவர் உதைகோலைத் தேடி நிற்பது பட்டறைகளின் பழைய நகைச்சுவை.

மூன்றாவது 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100. அதன் நான்கடிப்பு இயந்திரத்தின் எரிபொருள் சிக்கனமே விளம்பரத்தின் மையமாக இருந்தது. ‘எவ்வளவு கொடுக்குது?’ என்னும் வினா வண்டிப் பேச்சின் நிலையான தொடக்கமாக ஊன்றியதில் இவ்வகை வண்டிகளின் பரவலுக்குப் பெரும்பங்கு உண்டு. ‘கொடுக்குது’ என்னும் வினை கறவை மாட்டுக்கும் உரியது என்பதை இங்கு நினைவுகொள்ளலாம். சிக்கனத்தைப் புகழ்வோரைக் ‘கஞ்சன்’ என்று கேலி செய்வதும், வேகத்தை விரும்புவோரை ‘அப்பன் காசு’ என்று கேலி செய்வதும் இதன் இரு முகங்கள்.

நான்காவது மொபெட். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 இருவர் அமரத்தக்க இந்தியாவின் முதல் மொபெட். அதன் வழிவந்த எக்ஸ்எல் வகைகளில் ஓட்டுநரின் காலுக்கு முன்னே திறந்த இடம் உள்ளது. கீரமங்கலம் பகுதியின் பூ மூட்டை, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையிலிருந்து வரும் மீன் கூடை, பால் கேன், தீவன மூட்டை என எதுவும் அதில் ஏறும். கேலி மிகுதியாகப் பெறுவதும் இவ்வண்டியே.

“என்ன மாமா, இது வண்டியா, கழுதையா?”
“உன் வண்டி உன்ன மட்டும் சொமக்குது மாப்ள. இது என் குடும்பத்தையே சொமக்குது.”

இம்மாதிரிகளில் ஒவ்வொரு கேலிக்கும் ஒரு மறுமொழி உள்ளது. வேகம், முழக்கம், சிக்கனம், சுமை என நான்கு அளவுகோல்கள் இருப்பதால் ஒன்றில் தோற்றவர் மற்றொன்றில் வெல்கிறார். யாரும் முற்றாகத் தோற்பதில்லை. இப்பேச்சு சலிப்பின்றி நாள்தோறும் தொடர்வதன் இரகசியம் இதுவே.

4. தேர்வும் தகுதியும்

வண்டியைத் தேர்ந்தெடுப்பது தனிமனிதச் செயல் போலத் தோன்றினாலும் அதில் குடும்பம் முழுவதும் பங்குகொள்கிறது. தவணை கட்டப்போகும் தந்தை சிக்கனத்தைக் கேட்கிறார். மகன் வேகத்தைக் கேட்கிறான். தாய் பின்னிருக்கை வசதியைக் கேட்கிறார். வெற்றிமாறன் இயக்கிய ‘பொல்லாதவன்’ (2007) திரைப்படம் நடுத்தரக் குடும்பத்து இளைஞன் ஒருவனுக்கு மோட்டார் சைக்கிள் வாழ்வின் திருப்பமாக அமைவதையும், அது திருடப்பட்டதும் அவன் வாழ்வு குலைவதையும் கதையாக்கியது. வண்டி போனதோடு அதனால் பெற்ற மதிப்பும் போகிறது என்பதே அக்கதையின் வலு.

பின்னிருக்கை பற்றிய சட்டமும் கவனத்துக்குரியது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பின்சக்கரத்துக்கு மறைப்பும், பிடிமானமும், கால்வைக்கும் இடமும் வேண்டும் என்கின்றன. நடைமுறையில் இம்மறைப்பு ‘சேலைக் கம்பி’யாகவே அறியப்படுகிறது. இளைஞர் அதனைக் கழற்றிவிடுவதும், திருமணமானதும் மீண்டும் மாட்டுவதும் கேலிக்குரிய செய்திகள். இக்கேலி பெண்ணின் இடம் பின்னிருக்கை என்பதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. மேற்கண்ட மாதிரி உரையாடல்களில் பெண்குரல் இடம்பெறாமையும் தற்செயலன்று. இப்பேச்சின் களம் ஆண்களின் களம்.

பழந்தமிழ் மரபிலும் இதற்கொரு ஒப்புமை உண்டு. காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி, ஊரார் எள்ளலைத் தாங்கித் தெருவில் வருவது மடலேறுதல். ஊர்ச் சிரிப்பை எதிர்கொள்ளும் இவ்வுரிமையைத் தொல்காப்பிய அகத்திணையியல் பெண்ணுக்கு விலக்குகிறது. திருக்குறளின் நாணுத்துறவுரைத்தல் அதிகாரமும் பெண் மடலேறாமையைப் பெருமையாகக் கூறுகிறது. ஊர்தியேறிப் பொதுவெளியில் எள்ளலைச் சந்திப்பது ஆணுக்கு வீரம், பெண்ணுக்கு நாணக்கேடு. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்பது இங்குக் கருத்தன்று. இரண்டிலும் செயல்படும் ஒழுங்கு ஒன்றே என்பதுதான் கருத்து.

5. கேலியைத் தாண்டிய சக்கரம்: 1991–92

இவ்வொழுங்கு குலைந்த நிகழ்வு புதுக்கோட்டையிலேயே நடந்தது. 1991இல் அறிவொளி இயக்கம் மாவட்டத்தில் தொடங்கியபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் தாமே ஊர்விட்டு ஊர் செல்லும் ஆற்றலையும் எழுத்தறிவின் பகுதியாக்கினார். மிதிவண்டி வாங்கப் பெண்களுக்குக் கடன் தருமாறு வங்கிகள் தூண்டப்பட்டன. குடுமியான்மலைக் கல்குவாரித் தொழிலாளர், விவசாயக் கூலிப் பெண்கள், ஆசிரியைகள், செவிலியர் எனப் பலரும் மிதிவண்டி கற்றனர். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் தம் திறனைக் காட்டியதாக இதனைப் பதிவுசெய்த இதழாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். அவருடைய ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ (1996) நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

தொடக்கத்தில் ஆண்களின் கேலியும் இழிசொல்லும் இப்பெண்களை எதிர்கொண்டன. அவை சமநிலையற்ற கேலியின் எடுத்துக்காட்டுகள். சாலையில் விழுந்து எழுந்து பழகும் பெண்ணுக்கு ‘மச்சான்’ என விளித்துத் திருப்பிக் கேலி செய்யும் உரிமை இல்லை. இந்நிலை மாறியதற்கு எண்ணிக்கை முதன்மைக் காரணம். ஒருத்தி மிதிவண்டியில் சென்றால் வேடிக்கை. நூற்றுவர் சென்றால் வழக்கம். இயக்கம் தனக்கெனப் பாடல்களையும் உருவாக்கிக்கொண்டது. கேலிக்கு உரைநடையில் மறுமொழி கூற இயலாதவர்கள் பாட்டால் மறுமொழி கூறினர் எனலாம்.

வண்டித் தேர்வு குறித்தும் இந்நிகழ்வு ஒரு செய்தியைத் தருகிறது. பெண்களுக்கான மிதிவண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் ஆண்களுக்கான வண்டியை வாங்கினர். சிலர் அதனையே விரும்பித் தேர்ந்தனர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதே காரணம். ஆண் வண்டி, பெண் வண்டி என்னும் பகுப்பைச் சேலையைக் கருதி வடிவமைப்பாளர் உருவாக்கினர். பயன்படுத்துவோர் குழந்தையைக் கருதி அதனை மாற்றினர். எக்ஸ்எல் வண்டிக்காரர் சுமையை அளவுகோலாக்கிக் கேலியை வென்றதும் இதுவும் ஒரே தருக்கம்: தன் தேவையைத் தானே அளவுகோலாக்கிக்கொள்வது.

மிதிவண்டியோடு இது நிற்கவில்லை. அறிவொளிப் பெண் செயற்பாட்டாளர்களுக்கென யுனிசெஃப் 50 மொபெட்டுகளை ஒதுக்கியது. பின்னாளில், 2018 பிப்ரவரி 24இல், பணிபுரியும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதியை, 25,000 ரூபாய்க்கு மிகாமல், மானியமாக வழங்கும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. பின்னிருக்கையிலிருந்து முன்னிருக்கைக்கு வருவதைப் பொதுக் கொள்கையே ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம்.

6. சிரிப்பு நின்றுபோகும் இடம்

பாலினத்தைப் போலவே சாதியும் வண்டித் தகுதியைத் தீர்மானிக்க முயல்கிறது. புதுக்கோட்டைக்கு அண்டையிலுள்ள சிவகங்கை மாவட்டத்தில் 2025 பிப்ரவரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் அரிவாளால் வெட்டப்பட்டார். புல்லட் ஓட்டியதே தாக்குதலுக்குக் காரணம் எனக் குடும்பத்தினர் புகார் கூறினர். குற்றத்தின் நோக்கத்தை முடிவுசெய்வது நீதிமன்றத்தின் பணி. ஆயினும் அப்புகாரைக் கேட்ட தமிழகம் அதனை நம்ப இயலாத செய்தியாகக் கொள்ளவில்லை என்பது ஆய்வாளரைச் சிந்திக்க வைக்க வேண்டும். குதிரையேற்றமும் மிதிவண்டிச் சவாரியும் செருப்பும் மறுக்கப்பட்ட வரலாறு நினைவில் இருக்கும் சமூகத்தில், முழங்கிச் செல்லும் ஊர்தி யாருக்கு உரியது என்பது பழைய கேள்வியே.

‘உனக்கெதுக்கு இந்த வண்டி?’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை முறை கொண்டாடும் நண்பன் சொன்னால் அது கேலி. அதற்கு மறுமொழி உண்டு. பெண்ணிடம் சொன்னால் அது தடை. ஒடுக்கப்பட்டவரிடம் ஆதிக்க சாதியினர் சொன்னால் அது மிரட்டல். சொற்கள் மாறவில்லை; மறுமொழி கூறும் உரிமைதான் மாறியுள்ளது. ஆகவே கேலிப்பேச்சைத் தொகுப்போர் சொல்லப்பட்ட தொடரை மட்டும் பதிவுசெய்தல் போதாது. சொன்னவர் யார், கேட்டவர் யார், கேட்டவர் திருப்பிச் சொன்னாரா, சொல்ல இயன்றதா என்பவற்றையும் உடன் பதிவுசெய்தல் வேண்டும்.

முடிவுரை

இருசக்கர வண்டியைப் பற்றிய கேலிப்பேச்சு உழவு மாட்டைச் சார்ந்த சொல்வழக்கையும் மதிப்பீட்டு முறையையும் மோட்டார் காலத்துக்குக் கொண்டுவந்துள்ளது. கேலிக்கான காரணங்கள் வண்டிகளின் பொறியமைப்பில் வேர்கொண்டவை. அளவுகோல்கள் பலவாக இருப்பதாலும் மறுமொழிக்கு இடமிருப்பதாலும் சமநிலையினரிடையே அது நட்பை வளர்க்கிறது. அதே பேச்சு சமமற்றோரிடையே தகுதிக்கு வேலியாகிறது. 1991–92இல் புதுக்கோட்டைப் பெண்கள் அவ்வேலியைத் தாண்டியது கேலி ஓய்ந்த பின்னர் அன்று. கேலி நடுவே மிதித்துச் சென்றதால்தான் அது ஓய்ந்தது. அன்று மிதிவண்டி கற்ற பெண்களின் நினைவுகளை, குறிப்பாக அவர்கள் கேட்ட கேலிகளையும் அவற்றுக்குச் சொன்ன மறுமொழிகளையும், அவர்கள் நம்மிடையே வாழும் காலத்திலேயே வாய்மொழி வரலாறாகத் தொகுத்தல் இம்மாவட்ட ஆய்வாளர்முன் உள்ள உடனடிப் பணியாகும்.